ரோடியோவுக்கு வந்த கூறைச்சேலை

அப்பா இறந்த செய்தி எனக்கு ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தது. சனிக்கிழமை காலை, ரோடியோ என்ற எருது, குதிரைச் சவாரி விழாவுக்குப் புறப்படும் நேரம். செவன் ஹில்ஸில் எங்கள் வாடகை வீட்டுக் குளியலறையில் நின்று, கவ்பாய் தொப்பியில் குத்திய கிரீடம் நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மறுகையால் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தேன். கிளிநொச்சியில் இருக்கும் பெரியப்பாவின் மகன் அனுஷன் அப்பாவின் படத்தைப் போட்டிருந்தான். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே 'கண்ணீர் அஞ்சலி'. திரும்பத் திறந்தபோது படம் இல்லை. யாரோ ஏசி அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உடனே அனுஷனை அழைத்தேன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன், எடுத்துவிட்டான்.

"அக்கா, தெரியாமப் போட்டிட்டன்," என்றான். "உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு என்ர அப்பா சொன்னவர். இண்டைக்கு உங்களுக்குக் குதிரையாமே. அது முடிஞ்ச பிறகு சொல்லுவமெண்டு இருந்தவை."

"எப்ப நடந்தது?"

"நேற்று மத்தியானம். சித்தப்பா கடையிலேயே சரிஞ்சிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே போயிட்டார்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாதெண்டுதான் நினைக்கிறன். எனக்கு ஒருத்தரும் ஒண்டும் வடிவாச் சொல்லயில்லை, அக்கா. இண்டைக்கு மத்தியானம் எடுக்கினம். உங்கட நேரத்துக்குப் பின்னேரம். நான்தான் கொள்ளி வைக்கிறன்."

"தாங்க்ஸ்," என்றேன். கொள்ளி வைப்பவனுக்கு யாராவது தாங்க்ஸ் சொல்வார்களா? நான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்து, கிரீடத்தில் சரிந்திருந்த ஒரு ஊசியை மறுபடி குத்தினேன். அழுகை வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் வாய் எப்படி இருக்குமோ, உடம்பு முழுதும் அப்படி இருந்தது. இருக்கிறது என்று தெரிகிறது, தொட்டால் தெரியவில்லை.

வெளியே வந்தால் அம்மா கூறைச்சேலையில் நிற்கிறார்.

கூறை என்றால் தாலி கட்டும்போது மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் சேலை. அம்மாவின் கூறை குங்குமச் சிவப்பில் தங்கச் சரிகை. கடலில் வள்ளம் ஏறியபோது எங்கள் இரண்டு பேரின் உடுப்பும் கொண்ட ஒரே பையில் அதுவும் இருந்தது. இங்கே வந்த பிறகு அம்மா அதைப் பெட்டியை விட்டு வெளியே எடுத்ததை நான் பார்த்ததில்லை. நெற்றியில் வழக்கமான ஒட்டுப் பொட்டுக்குப் பதிலாக ஐம்பது சத நாணயக் குற்றி அளவில் குங்குமம். தலையில் மல்லிகைச் சரம். தாலிக்கொடி வெளியே தெரியத் தொங்கியது.

"என்னம்மா, ரோடியோவுக்கோ கலியாண வீட்டுக்கோ?" என்று கேட்டேன். என் குரல் வழக்கம் போலத்தான் வந்தது.

"ராணியின்ர அம்மா எண்டா சும்மா போகேலுமே?" என்றார். "வடிவா இல்லையோ?"

"வடிவாத்தான் இருக்கு."

அம்மாவுக்குத் தெரியாது என்று அந்தக் கணமே முடிவு செய்துவிட்டேன். புருசன் செத்த செய்தி அறிந்த எந்த மனுசி சிவப்புச் சேலையும் பூவுமாக வந்து நிற்பாள்? அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சாத்திரம். ஒன்பது வயதில் ஊரை விட்டு வந்தவள் நான். செத்த வீடுகளைக் கைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் முழுதாகப் பார்த்ததில்லை.

குசினி மேசையில் என் சட்டை மடித்து வைத்திருந்தது. அம்மா தைத்த ஊதா நிறச் சட்டை, தோளிலும் கையிலும் மணிவேலை. வெள்ளி இரவு நான் படுக்கப் போனபோது ஒரு கை வெறுமையாக இருந்தது. இப்போது இரண்டு கையும் நிறைந்திருந்தன. அம்மா தூங்கவே இல்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

காரை எடுத்தபோது நான் ஒரு திட்டம் போட்டேன். போக முடியாது, அது முதல் விசயம். எங்களிடம் இருப்பது பிரிட்ஜிங் விசா, முடிவு வரும்வரை தங்க மட்டும் விடும் விசா. பதின்மூன்று வருசமாகப் பாலத்தின் நடுவிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. வள்ளத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம் கிடைத்தது. "நான் அடுத்ததில வாறன்," என்று அப்பா கரையில் நின்று சொன்னார். அடுத்தது வருவதற்குள் வள்ளங்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அப்பா கிளிநொச்சியில் சைக்கிள் கடை போட்டார், அம்மா வென்ட்வேர்த்வில்லில் யோகா அன்ரியின் சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் பிழிந்தார், நான் வளர்ந்தேன்.

அப்படியிருக்க, இப்போதே சொல்லி என்ன ஆகப் போகிறது? சொன்ன நிமிடம் அம்மா பொட்டை அழிப்பார். வீடு நிறையச் சனம் வரும், கதிரை இரவல் வாங்க வேண்டும், ஒவ்வொருத்தரும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள், அம்மா ஒரு மூலையில் விதவையாக இருப்பார். அது எப்படியும் நடக்கத்தான் போகிறது. நாளை நடக்கட்டும். ஒரே ஒரு பகல் அம்மா இந்தச் சிவப்புச் சேலையோடும் பூவோடும் இருக்கட்டும். நாட்டுக் கொடியோடு குதிரையில் மைதானத்தைச் சுற்றி வரும் என் கொடிச் சவாரி முடிந்ததும் சொல்வேன். அதுவரை என் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்த வேலைதான்.

"எத்தனை மணிக்கு உன்ர கொடி?" என்று அம்மா கேட்டார்.

"அஞ்சு மணிக்கு."

"அதுக்குப் பிறகு நீ குதிரையில ஏறத் தேவையில்லையே?"

"இல்லையம்மா. அதோட என்ர வேலை சரி."

விண்ட்சர் தாண்டியதும் அதையே மறுபடி கேட்டார். வயது போகப் போகப் பயமும் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் அதே பதிலைச் சொன்னேன்.

நான் ரோடியோ ராணி ஆன கதை பெரிய கதை இல்லை. பள்ளி முடித்தபோது நல்ல புள்ளிகள் இருந்தன. ஆனால் எங்கள் விசாவுக்கு யூனியில் வெளிநாட்டு மாணவருக்குரிய கட்டணம் கேட்டார்கள். இடியப்பம் பிழிந்து அதைக் கட்ட முடியாது. ஆகவே விண்ட்சர் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் சாணி அள்ளப் போனேன். சாணி அள்ளினவளை ஒருநாள் குதிரையில் ஏற்றினார்கள், ஏறினவள் இறங்கவில்லை. அந்த ஊர் ரோடியோக் குழுவுக்கு வருசம் ஒரு ராணி வேண்டும். போட்டிக்கு மூன்று பேர் வந்தோம். ஒருத்திக்குக் காலில் முறிவு, மற்றவளுக்கு ஒலிவாங்கியைக் கண்டால் நடுக்கம். மிச்சம் நான்.

ராணிக்கு வேலை அதிகம். தொப்பியும் கிரீடமும், மார்பில் பெயர் எழுதிய பட்டியுமாகப் பள்ளிக்கூடங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஷொப்பிங் சென்டர்களுக்கும் போக வேண்டும். மாட்டு மந்தையை ஆயிரம் மைல் ஓட்டிப்போன மேய்ப்பர்கள், காட்டுக்குதிரை பழக்கியவர்கள், கம்பி வேலிக்கு முந்திய காலம் என்று அவர்களுடைய மரபை அவர்களுக்கே எடுத்துச் சொல்ல வேண்டும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவர்களுடைய பூட்டன்மாரின் பெருமையை நான் தாராளமாக அள்ளி வார்த்தேன். 'நமது முன்னோர்' என்று சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு முதியவர் மட்டும் உன் முன்னோர் எங்கே மாடு மேய்த்தார்கள் என்று கேட்டார். "இரணைமடுவில்," என்றேன். தலையாட்டினார். எங்கள் கிளிநொச்சிக் குளத்தைக் குயின்ஸ்லாந்தில் ஒரு ஊர் என்று நினைத்திருப்பார்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பெட்டைப் பிள்ளை காலை விரித்துக் குதிரையில் இருப்பதா என்று இரண்டு மாதம் பேசாமல் இருந்தார். அப்பாவுக்குத்தான் தலைகால் தெரியாத புளுகம். என் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கடையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் கொழுவினார். ட்யூபுக்கு ஒட்டுப்போட வந்தவன் எல்லாம் ராணியைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். "ராணியெண்டா அரண்மனை தருவினமோ?" என்று கேட்டார். "விசாவே தரயில்லை அப்பா," என்றேன். கைபேசி அதிரச் சிரித்தார். அது போன கிழமை.

மைதானத்தில் புழுதியும் சோசேஜ் புகையும் கலந்து கிடந்தன. குழுவின் தலைவி கிளெண்டா எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். எழுபது வயது, சுருக்கமில்லாத ஜீன்ஸ், குரல் மட்டும் ஒரு லொறி அளவு.

"இது யார், இவர்தான் உண்மையான ராணி போல இருக்கிறார்," என்று அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தார். "இந்தச் சேலை எதற்கு உடுப்பது?"

"கலியாணத்துக்கு," என்று, அம்மாவுக்கு மொழிபெயர்க்க முன்பே நானே சொன்னேன்.

"உன் அம்மா உனக்காகத் தன் கலியாண உடுப்பில் வந்திருக்கிறார். பெண்ணே, உனக்குப் புரிகிறதா?" கிளெண்டாவின் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. புரிகிறது என்றேன். அம்மா சிரித்தபடி நின்றார். கிளெண்டா அம்மாவை முன்வரிசையில், குழுவினருக்கென்று கயிறு கட்டி ஒதுக்கிய இடத்தில் உட்கார வைத்து, ஒரு பெட்டி சிப்ஸும் வாங்கிக் கொடுத்தார்.

நான் பிஸ்கட்டைத் தயார் செய்யப் போனேன். பிஸ்கட் என்பது பண்ணைக் குதிரை, சாம்பல் நிறப் பெட்டை, பொறுமைசாலி. உடம்பைத் தேய்த்து, குளம்பு சுத்தம் செய்து, சேணம் போட்டு, வாரை இறுக்கினேன். கை தன்பாட்டில் வேலை செய்தது. நடுநடுவே எட்டிப் பார்த்தேன். தொப்பிகளுக்கு நடுவில் அந்தச் சிவப்பு தனியாகத் தெரிந்தது. அம்மா சிப்ஸ் பெட்டியை மடியில் வைத்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். ஒன்றைக்கூட எடுக்கவில்லை. உப்புக் கூட என்று விட்டிருப்பார் என்று நினைத்தேன். மூளை மரத்துப்போனால் எதற்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது.

ஒரு தடவை வேலிப் பக்கம் போய், "அம்மா, வடிவா இருக்கிறியள்," என்றேன்.

"காலமையும் சொன்னனி," என்றார்.

"திரும்பவும் சொல்லுறன்."

"போ, போய்க் குதிரையைப் பார்." என் சட்டைக் கையில் ஒரு மணி தொங்கியதைக் கண்டு வேலிக்கு மேலால் கை நீட்டி, நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுவிட்டார். அவருடைய விரல்கள் சில்லென்றிருந்தன. அந்த வெயிலில்.

ஐந்து மணிக்கு வாசல் திறந்தது. கொடிக்கம்பின் அடியை வலது கால் வைக்கும் அங்கவடியோடு கட்டிய தோல் குழிக்குள் ஊன்றினேன். இந்த நாட்டின் கொடி. என்னை இருத்தவும் இல்லை, அனுப்பவும் இல்லை என்று வைத்திருக்கும் நாட்டின் கொடியை அதன் மாட்டுக்காரருக்கு முன்னால் தூக்கிப்பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். மற்ற நாளென்றால் இதை நினைத்து எனக்குள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பேன். அன்று கோபம்கூட வரவில்லை. குதிகாலால் தட்டினேன், பிஸ்கட் பாய்ந்தது.

முதல் சுற்று முழு ஓட்டம். காற்றில் கொடி இழுத்தது, தோள் நொந்தது. உதடுகளைச் சிரிப்புக்கு இழுத்து வைத்திருந்தேன். ஒரு ராணி எப்போதும் பல்லுத் தெரியச் சிரிக்க வேண்டும் என்பது கிளெண்டாவின் முதல் பாடம். இரண்டாம் சுற்றில் வேகத்தைக் குறைத்து நடுவில் வந்து நின்றேன். தேசிய கீதம் தொடங்கியது.

மைதானம் முழுதும் எழுந்தது. ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்கள். எருதுகளை அடைத்த பட்டியின் மேல் குந்தியிருந்தவர்கள், பியர் கையில் வைத்திருந்தவர்கள், எல்லோரும். வெளிறிய நெற்றிகள் வரிசையாகத் தெரிந்தன. கிளிநொச்சியில் இப்போது பெட்டியை மூடியிருப்பார்கள். அனுஷன் தோளில் குடத்தோடு முன்னால் நடப்பான். சைக்கிள் கடைக்காரனுக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள்? ஒரு நூறு? இங்கே வந்து பாருங்கள் அப்பா, என்று நினைத்தேன். ஒருவரும் தலையில் தொப்பி வைத்திருக்கவில்லை. யாருக்காக நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, நின்றார்கள் அல்லவா?

அம்மாவும் எழுந்து நின்றார். கையைக் கூப்பியிருந்தார். தேசிய கீதத்துக்குக் கை கூப்பக் கூடாதென்று சொல்லிக்கொடுக்கவில்லையே என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

கொடியைக் கிளெண்டாவிடம் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டைப் பின்னால் குதிரை கழுவும் இடத்துக்கு நடத்திப் போனேன். ஒரு குழாய், ஒரு வாளி, சீமெந்துத் தரை. இனி அம்மாவைத் தேடிப் போக வேண்டும். எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். 'அம்மா, அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்' என்று தொடங்கலாம். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள், எல்லோருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும்.

தேடிப் போகத் தேவைப்படவில்லை. அம்மாவே வந்தார். வைக்கோலையும் சாணியையும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, கூறையின் கரை புழுதியில் இழுபட, தனியாக வந்தார்.

"முடிஞ்சுதே?" என்றார்.

"ஓம். அம்மா, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்."

"தெரியும்."

"இல்லையம்மா, அப்பாவுக்கு..."

"தெரியும் பிள்ளை," என்றார். "நேற்றுப் பின்னேரமே பெரியப்பா யோகாவின்ர கடைக்கு அடிச்சுச் சொல்லிப்போட்டார். யோகாதான் பூவும் வாங்கிக்கொண்டு வந்து என்னை வீட்டில விட்டவள்."

நான் அம்மாவின் பொட்டைப் பார்த்தேன். சேலையைப் பார்த்தேன். பூவைப் பார்த்தேன். அம்மா நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாது," என்றார். "எங்கட வழக்கத்தில புருசன் செத்தா மனுசி கூறை உடுத்து, பூவும் பொட்டும் வைச்சு, கடைசியா ஒருக்கா அவருக்குப் பக்கத்தில போய் நிக்க வேணும். பிறகுதான் எல்லாத்தையும் எடுக்கிறது. அங்க நிண்டிருந்தா இண்டைக்கு நான் இதைத்தான் உடுத்திருப்பன்."

காலையிலிருந்து ஒரு செத்த வீட்டோடு காரில் வந்திருக்கிறேன். கலியாண வீடோ என்று பகிடி விட்டிருக்கிறேன்.

"ஏனம்மா எனக்குச் சொல்லயில்லை?"

"குதிரையில நிக்கேக்க நினைச்சு விழுந்தியெண்டா? இனி எனக்கு ஆர் இருக்கினம்?" அம்மாவின் குரல் முதல் தடவையாக உடைந்தது, பிறகு நேரானது. "நீ ஏன் எனக்குச் சொல்லயில்லை?"

"எனக்குத் தெரியுமெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"பிறந்ததில இருந்து என்னை வடிவெண்டு சொல்லாதவள். இண்டைக்கு மட்டும் ரெண்டு தரம் சொன்னாய்."

அறிவிப்பாளரின் குரல் அடுத்த எருதின் பெயரைக் கூவியது. சனம் ஆர்ப்பரித்தது. பிஸ்கட் கழுத்தை நீட்டி அம்மாவின் கூந்தலை முகர்ந்தது. மல்லிகைச் சரத்தின் நுனியைக் கடித்து இழுத்தது. அம்மா தடுக்கவில்லை. சரத்தை உருவி அதன் வாய்க்கே கொடுத்தார்.

"முதல்ல நீ அந்தக் கிரீடத்தைக் கழட்டு," என்றார். "பிறகு நான் கழட்டுறன்."

தொப்பியைக் கழற்றி வேலிக்கம்பில் கொழுவினேன். அம்மா குழாயைத் திறந்து, குனிந்து, இரண்டு கையாலும் நெற்றியைக் கழுவினார். குங்குமம் மூக்கில் வழிந்து கன்னத்தில் இறங்கியது. மறுபடி கழுவினார். பிறகு தாலிக்கொடியைத் தலைக்கு மேலால் எடுத்து முந்தானையில் முடிந்தார். அது அப்பாவின் நெஞ்சில் வைக்க வேண்டியது என்பதைப் பிறகு யோகா அன்ரி சொல்லித்தான் அறிந்தேன்.

"வீடியோவில காட்டுறமெண்டு பெரியப்பா சொன்னவர்," என்றார் அம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "வேண்டாமெண்டிட்டன். அவர் பாக்க ஆசைப்பட்டது உன்னை. நான் அவருக்கும் சேத்து உன்னைத்தான் பார்த்தனான்."

வாளியை இழுத்துக் குழாயின் கீழ் வைத்தேன்.

"எல்லாரும் எழும்பித் தொப்பியைக் கழட்டினவை, பாத்தனியே?" என்று அம்மா கேட்டார்.

"பாத்தனான்."

"அது அவருக்குத்தானெண்டு நினைச்சு நான் கும்பிட்டனான்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான் அம்மா," என்றேன். சொல்லி முடிக்க முதலே அழுகை வந்துவிட்டது.